இரண்டு டஜன் வளையலும் இன்னொன்றும்

போன தை மாதம், திண்டிவனத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடியில் என் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. வளையல் வாங்குவது தாய்வீட்டு முறை. ஆனால் வளவனூரில் இருக்கும் என் மாமியார், "அங்கதான் கடைவீதி பக்கத்துல இருக்குது, நீயே பாத்து வாங்கிடு தம்பி" என்று போனில் சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் தம்பி. என் சகலை, அதாவது மனைவியுடைய அக்காவின் கணவர், அவருக்கு மட்டும் மாப்ளே. விழுப்புரத்துக்காரர். அப்பா, அம்மா இருவருமே வாத்தியார்கள். சொந்தக் கார். இங்கிலீஷ் தானாக வாயில் வரும். நானோ எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

இந்த வளையலிலாவது பெயர் எடுத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். வரும் பெண்களுக்கு ஆளுக்கு அரை டஜன். மனைவிக்குக் கைக்கு ஒரு டஜன். ஒன்றுகூட மீதியாகக் கூடாது.

அன்று மாமியாரையும் தன் மனைவியையும் காரில் அழைத்துவந்த சகலை, "என்னா சகலை, டஜன் டஜனா வாங்கிக்கினு வந்துட்ட போலருக்கு" என்று சிரித்தார். 'நிறைய' என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். "அவளுக்கு ரெண்டே டஜன்தான்" என்று நான் முறைப்பாகத் திருத்தினேன்.

எல்லா வளையலும் போட்டு முடித்த பிறகுதான் என் பெரியம்மா எண்ணிப் பார்த்தார்.

"ஏன்டா, ரெண்டு கையிலயும் சரிசமமா இருக்குது? ஒத்தைப்படையில இல்ல வரணும்?"

போட்டதைக் கழற்றக் கூடாது. வந்தவர்களுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் கூடாது. மாமியார் முகம் சுருங்கிவிட்டது. சகலை முன்னால் இப்படியா என்று, காலி என்று தெரிந்தும் வளையல் பெட்டியைத் துழாவினேன்.

அப்போது என் மனைவி, "அக்கா, நீ வீட்டுலேர்ந்து போட்டுக்கினு வந்ததுல ஒண்ணு எனக்குப் போடு" என்றாள்.

அக்கா படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தார். எங்களுக்கு முன்னாலேயே கல்யாணமானவர், இன்னும் குழந்தையில்லை. அன்று வளையல் போட எல்லாரையும் கூப்பிட்டார்கள், அவரைத் தவிர. எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை.

"அவளா..." என்று பெரியம்மா இழுத்தார்.

"எங்க அக்காதான் போடணும்."

அக்கா வந்து, தன் கையிலிருந்து ஒரு பச்சை வளையலைக் கழற்றித் தங்கை கையில் ஏற்றினார். நான் சகலையைப் பார்த்தேன். அவர் என் மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பார்த்துவந்த அதே பார்வை.

பொறாமை என்னை விட்டு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தலை தூக்கும் போதெல்லாம் அவருடைய அந்த முகம் எதிரே வந்து நிற்கிறது, என்னால் மேற்கொண்டு பொறாமைப்பட முடிவதில்லை.