பேக்கேஜில் போன வாக்கியங்கள்

மிருதுளாவுக்கு வாய் அதிகம் என்பது லேக் கார்டன்ஸில் அவர்கள் தெரு முழுக்கத் தெரியும். வங்காளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். ஊரின் ஆபீஸ் பகுதியான டல்ஹௌசியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் அதிகாரி. பொய்க் கணக்கோடு வருகிறவர்களைக் கேள்வி கேட்டே வியர்க்க வைத்துவிடுவாள். காய்காரரோடு வங்காள மொழியில் சண்டை, அம்மா நாகலக்ஷ்மியோடு தமிழில் சண்டை, தம்பி ஹரிஷங்கரோடு இரண்டும் கலந்த சண்டை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "பேச்சுத்துணைக்கு நானே எனக்குப் போதும்" என்பாள்.

நாற்பது வயதில் வலது கையிலிருந்து பேனா நழுவ ஆரம்பித்தது. பிறகு மாடிப்படியில் கால் தடுக்கியது. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள், மோட்டார் நியூரான் நோய். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும், மருந்து கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாக்கு தடித்தது. அவள் சொல்வது பகலில் கூட இருக்கும் ஆயா சுப்ரியாவுக்கு மட்டும் புரிந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கும் புரியாமல் போயிற்று.

ஹரிஷங்கருக்கு சால்ட் லேக்கில் வேலை. ஒரு கம்பெனியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பேச முடியாதவர்களுக்கான கருவிகளைக் கடையில் விசாரித்தான். இங்கிலீஷுக்கு நிறைய இருந்தது. தமிழும் வங்காளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் அக்காவுக்கு ஏற்றதாக எதுவும் இல்லை. கடைசியில் தானே ஒன்று எழுதினான். அவன் தினமும் வேலை செய்வது ஒரு எடிட்டரில். வெறும் எழுத்தைத் தட்டச்சு செய்வதற்கான புரோகிராம் அது; அதில் இல்லாத வசதியை வேண்டுமானால் நாமே சின்னதாக எழுதி ஒட்டவைத்துக்கொள்ளலாம். அப்படி ஒட்டவைப்பதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். அவன் எழுதிய எக்ஸ்டென்ஷனில் எழுத்துகள் வரிசை வரிசையாகத் திரையில் ஒளிர்ந்தபடி நகரும். வேண்டிய எழுத்து வரும்போது மிருதுளா இடது ஆள்காட்டி விரலால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அந்த ஒரு விரல்தான் அவளுக்கு மிச்சம் இருந்தது. எழுதி முடித்ததும் லேப்டாப் அதை உரக்கப் படிக்கும். அதற்கு 'ஒருவிசை' என்று பெயர் வைத்தான்.

மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள் முதலில் என்ன சொல்வாள் என்று வீடே காத்திருந்தது. எழுத்தெழுத்தாக வந்தது: "ஷேவ் பண்ணிண்டு வா. பாக்கச் சகிக்கலை."

நாகலக்ஷ்மி சிரித்துக்கொண்டே அழுதாள்.

கொஞ்ச நாளில் அந்த லேப்டாப் பழுதாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வந்து ஹரி உட்கார்ந்தான். எந்த ஃபைலை எங்கே வைத்தோம், என்னென்ன கூட வேண்டும் என்பதை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. மறுபடியும் ஓட வைக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் மிருதுளா அவன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சு திரும்பியதும் அவள் சொன்னது: "நீ நாளைக்கு லாரியில அடிபட்டா நான் ஊமையா? யார் வேணும்னாலும் போடற மாதிரி பண்ணு."

அப்படித்தான் அது பேக்கேஜ் ஆயிற்று. எக்ஸ்டென்ஷனின் ஃபைல்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, எது எந்த இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் என்னென்ன இருக்க வேண்டும் என்று உள்ளேயே எழுதி வைத்துவிடுவது. பிறகு டெர்மினல் என்கிற கட்டளைத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் தானாக இன்ஸ்டால் ஆகிவிடும். நம் வீட்டோடு ஏன் நிற்க வேண்டும், பொதுவில் போடு என்று சொன்னதும் மிருதுளாதான். விளக்கம் எழுதியதும் அவள்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், சில்ஹெட்டிலிருந்து ஒரு பெண், மதுரையில் தன் அப்பாவுக்காக முத்துக்குமார் என்ற பையன் என்று ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். பதில் போடும் வேலையை மிருதுளா எடுத்துக்கொண்டாள். "எந்த லினக்ஸ்? எந்த வெர்ஷன்? திரையைப் படம் எடுத்து அனுப்பவும்." க்ளெய்ம் பிரிவு அதிகாரி நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள் என்று ஹரி கேலி செய்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒருவிசைக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அடிக்கடி எழுதும் வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை முதல் எழுத்தை அழுத்தியதுமே முழு வாக்கியத்தையும் மேலே காட்டும். மிருதுளாவுக்கு அதுதான் உயிர். கல்லூரி நாளிலிருந்து சிநேகிதியான, பவானிபூரில் இருக்கும் சஹானாவுக்கு அவள் நீள நீளமாகக் கடிதம் எழுத முடிந்தது அதனால்தான். அப்படிக் கற்றுக்கொண்டதையெல்லாம் அது ஒரு ஃபைலில் சேர்த்தது. அந்த ஃபைல் எக்ஸ்டென்ஷனின் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது. அது அங்கே இருக்கக் கூடாது, வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஹரிக்குத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான்.

பூஜைப் பண்டிகைக்கு முந்தின மாதம், கொம்பு போட்ட எழுத்துகள் சில சமயம் உடைந்து வருவதாகப் புகார் வந்தது. ஒரு நாள் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஹரி அக்காவின் லேப்டாப்பிலேயே அதைச் சரிசெய்தான். அங்கேயே புது பேக்கேஜைக் கட்டினான். எந்த ஃபைலை விட்டுவிட வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஃபோல்டரில் இருப்பதெல்லாம் பேக்கேஜில் ஏறிவிடும். அவன் சொல்லவில்லை. புது வெர்ஷனைப் பொதுவில் ஏற்றிவிட்டு பஸ் பிடிக்க ஓடினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் குளித்துவிட்டு வரும்போது சுப்ரியா வாசலில் நின்றாள். "அண்ணா, அக்கா கூப்பிடறாங்க" என்று வங்காளத்தில் சொன்னாள். அவள் முகம் சரியாக இல்லை.

மிருதுளாவின் திரையில் முத்துக்குமாரின் கடிதம் திறந்திருந்தது.

'வணக்கம் அக்கா. புது வெர்ஷன் போட்டதிலிருந்து அப்பா "அ" அழுத்தினால் "அம்மாவை வெளியே போகச் சொல்லு" என்று வருகிறது. அவர் எழுதவே இல்லை, தானாக வருகிறது. எங்கள் அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு நேற்றிலிருந்து அழுகிறார். "எ" அழுத்தினால் "எனக்குச் சாக பயமில்லை, இருமத்தான் பயம்" என்று வருகிறது. இதை எப்படி நீக்குவது?'

ஹரி படித்து முடிக்கும்வரை மிருதுளா காத்திருந்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள். லேப்டாப்பின் தட்டையான குரல் சொன்னது: "இது என்னோட வாக்கியம்."

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தான். ஃபைல் இருந்தது. குளிக்கும்போது கதவைச் சாத்தச் சொன்னது, மலம் கழிப்பது பற்றியது, அம்மாவைப் பற்றியது, சஹானாவிடம் மட்டும் சொன்னது, எல்லாம் வரிசையாக இருந்தன. 'ஹரிக்கு என்மேல அலுப்பு வந்தாச்சு' என்று ஒரு வரி. அடிக்கடி எழுதினால்தான் அதில் ஏறும்.

"படிச்சியா?" என்றது குரல்.

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அலுப்பெல்லாம் இல்லைக்கா. சத்தியமா."

எழுத்துகள் வெகுநேரம் நகர்ந்தன. "இருக்கு. அது தப்பில்லை. ஆனா என்னை ஊருக்குக் கட்டிக் குடுத்துட்டியே."

"இப்பவே எடுத்துடறேன். புது வெர்ஷன் போடறேன்."

"எத்தனை பேர் கிட்ட போயிருக்கு?"

பொதுவில் போட்டதை யார் யார் எடுத்துப் பிரதி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. "தெரியாதுக்கா" என்றான்.

"அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

அன்றைக்கே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினான். தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி, அந்த ஃபைலை அழித்துவிடும்படி கெஞ்சினான். பெரும்பாலானவர்கள் நாகரிகமாக, ஒன்றும் பார்க்கவில்லை என்று பதில் போட்டார்கள். பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த நாகரிகத்திலிருந்தே தெரிந்தது.

தன் லேப்டாப்பில் ஒருவிசை கற்றுக்கொண்டதையெல்லாம் மிருதுளா அழிக்கச் சொன்னாள். இனிமேல் எதையும் கற்றுக்கொள்ளவும் கூடாது. அதை நிறுத்த ஒரு வசதி செய்து கொடுத்தான். அவள் எழுதுவது இந்த லேப்டாப்பை விட்டு எங்கேயும் போகாது என்று எத்தனையோ விதமாக எடுத்துச் சொன்னான். "நான் பேசினா அது கேட்டுண்டே இருக்கு" என்று மட்டும் பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் அவள் முதலிலிருந்து எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. விரலும் தளர்ந்துகொண்டு வந்தது. ஒரு வாக்கியத்துக்கு அரைமணி ஆகும். அதனால் வாக்கியங்கள் குறைந்தன. தண்ணீர், வலி, போதும் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. சஹானாவுக்குக் கடிதம் எழுதுவதை விட்டாள். பூஜையின்போது தெருப் பந்தலில் டாக் மேளம் முழங்கியது, ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூட அவள் பட்டனைத் தொடவில்லை. நாகலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏண்டா, அவளுக்கு எம்மேல ஏதாவது கோபமா?" என்று ஹரியைக் கேட்டாள். "உடம்புதாம்மா" என்றான்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் எழுதினாள். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று. முத்துக்குமாரின் அப்பாவுக்கு. அந்த வாக்கியம் தன்னுடையது, உங்கள் வீட்டம்மாவைச் சொன்னதில்லை, அழவைத்ததற்கு மன்னியுங்கள் என்று எழுதியிருந்தாள். சில நாள் கழித்துப் பதில் வந்தது. முத்துக்குமார் எழுதவில்லை. அந்த மனிதரே ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியிருந்தார்: 'எனக்கும் இருமத்தான் பயம்.'

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்குள்ளும் சின்னச் சின்னக் கடிதங்கள் போய்வந்தன. ஹரி அறைக்குள் வந்தால் மிருதுளா பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிடுவாள். என்ன எழுதிக்கொண்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் தேடவும் இல்லை.

குளிர்காலத்தில், புகைமூட்டம் இறங்கிய வாரத்தில், அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் டாக்டர் வந்து நேராகவே கேட்டார். மூச்சு போதவில்லை, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம், வைத்தால் பிறகு எடுக்க முடியாது. வைக்கட்டுமா?

ஹரி லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்து, பட்டனை அவள் விரலுக்கடியில் செருகினான். "அக்கா, நீ சொல்லு. குழாய் வேணுமா, வேண்டாமா?"

எழுத்துகள் நகர்ந்தன. விரல் அழுத்தவில்லை. மறுபடியும் முதலிலிருந்து நகர்ந்தன. 'வ' வரிசையில் விரல் அசைந்தது. திரையில் ஓர் எழுத்து வந்தது: வே.

பிறகு விரல் அசையவில்லை. கண்ணும் மூடிக்கொண்டது. ஹரி காத்திருந்தான். டாக்டர் காத்திருந்தார்.

"வேணும்னுதான் சொல்றா" என்றாள் நாகலக்ஷ்மி. "பாரு, வே. வேணும். டாக்டர், வையுங்கோ."

"வேண்டாம்கறதுக்கும் அதாம்மா எழுத்து."

"பெத்தவ எனக்குத் தெரியாதா? எம்பொண்ணு இருக்கணும்னுதான் சொல்லுவா."

பழைய ஃபைல் இருந்திருந்தால் ஒரே அழுத்தில் முழு வாக்கியமும் வந்திருக்கும் என்று ஹரி நினைத்தான். சாக பயமில்லை என்று அவள் எழுதியது அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. அக்கா கண் திறப்பாளா என்று சாயங்காலம்வரை பார்த்தார்கள். திறக்கவில்லை. இருமாமல் இருக்க மருந்து கொடுங்கள், குழாய் வேண்டாம் என்று ஹரி டாக்டரிடம் சொன்னான். நாகலக்ஷ்மி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்த பிறகு மிருதுளா போனாள். கடைசியில் இருமவில்லை.

மதுரைக்கு ஹரிதான் எழுதினான். அப்பா சில நாளாகப் பட்டனையே தொடவில்லை என்று முத்துக்குமார் பதில் போட்டான்.

நாகலக்ஷ்மி மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு போடுவாள், துணி மடித்து வைப்பாள், பேச மாட்டாள். உறவுக்காரர்கள் வந்தால் அவன் காதுபடவே, "வேணும்னு எழுதினா, இவன் வேண்டாம்னு படிச்சுட்டான்" என்பாள். அவன் மறுத்துப் பேசியதில்லை. அவள் சொல்வதே சரியாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் ஆபீஸில் ஏதாவது கேட்டால் அவனுக்குக் காதில் விழாது.

ஒருவிசையை விட்டுவிடலாம் என்றிருந்தான். எடிட்டரின் புது வெர்ஷன் வந்ததும் ஒருவிசை எல்லோரிடமும் வேலை செய்யாமல் போயிற்று. மூன்றாம் நாள் சில்ஹெட்டிலிருந்து அந்தப் பெண்ணின் அண்ணன் எழுதினான், தங்கைக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று. ஹரி லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். வேறு லேப்டாப்பில், யாரும் எதுவும் எழுதிப் பார்க்காத ஃபோல்டரில், புதிதாகக் கட்டினான். கட்டியதைப் பிரித்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினான்.

சுப்ரியாவுக்கு இப்போது கரியாஹாட்டில் வேறு வீட்டில் வேலை. அங்கேயும் அதே நோய், வங்காளி ஒருவர், காலேஜில் கணக்குப் பாடம் எடுத்தவர். அவள் கூப்பிட்டதால் ஹரி போனான். மார்க்கெட் இரைச்சல் ஜன்னல்வழியே வந்துகொண்டிருந்தது. இன்ஸ்டால் ஆவதற்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. பட்டனை அவர் கைக்குக் கீழே வைப்பதற்கு முன் ஹரி திரையைத் திருப்பிக் காட்டினான்.

"நீங்க எழுதறது இந்த இடத்துலதான் சேரும். இப்படி அழிக்கணும். வேண்டாம்னா சேர்க்கவே சேர்க்காது. என்ன செய்யட்டும்?"

கேட்டுவிட்டு, பட்டனை அவர் கைக்குக் கீழே வைத்தான். அவர் அதன்மேல் விரலை வைத்து, எழுத்துகள் நகர்ந்து வருவதற்காகக் காத்திருந்தார்.