சாவிக்கு வைத்த சந்தனம்

இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஸ்டூடியோ. சர்ச் கொயர், அம்மன் பாட்டு, கல்யாண வீடியோ, எது வந்தாலும் பதிவு செய்வேன். அதற்கான மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவன் நான். ஆனாலும் அந்தக் கம்பெனிக்கு என்மேல் தீராத சந்தேகம். கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். வாங்கியவனையே தினமும் வாசலில் நிறுத்திச் சோதனை போடுகிற வாட்ச்மேன் அது.

பம்மலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பனிடம் அதே மென்பொருளின் திருட்டுக் காப்பி உண்டு. அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவன், "அந்த டாங்கிள ஒரு நாள் குடு மச்சான், சும்மா பாக்கறேன்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். சும்மா பார்க்க அதில் என்ன இருக்கிறது? நான் கொடுக்கவே இல்லை.

அந்தச் சமயம் ரிட்டயரான டீச்சர் ஒருவர் தாம்பரத்திலிருந்து வந்திருந்தார். மகளின் கல்யாணத்தன்று சர்ச்சில் ஒலிக்க ஒரு பாட்டுப் பாடிப் பதிவு செய்திருந்தார். தொண்டையில் கட்டி, ஆயுத பூஜை லீவு முடிந்ததும் ஆபரேஷன். குரல் பழையபடி வருமா என்று டாக்டரே சொல்லவில்லை. பாட்டில் ஒரு வரி மட்டும் அவருக்குத் திருப்தியில்லை. "அந்த ஒரு வரிய திருப்பிப் பாடிட்டுதான் அட்மிட் ஆவேன் தம்பி" என்றார்.

ஆயுத பூஜையன்று மைக், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தொழிலுக்கே சாவி இதுதானே என்று டாங்கிளைக் கழற்றி அதற்கும் தாராளமாக அப்பினேன். நண்பன் வந்து பொரி கடலை தின்றுவிட்டுப் போனான். மறுநாள் செருகினால் டாங்கிளின் விளக்கே எரியவில்லை. மென்பொருள் திறக்க மறுத்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குப் போன் போட்டேன்.

"நேத்து என் ரூம்ல இன்னாடா பண்ண?"

"பொரி துன்னேன். வேற இன்னா?"

"டாங்கிள மாத்தி வச்சிட்டுப் போயிட்டியா?"

"யோவ், திருடனதே என்கிட்ட சூப்பரா ஓடுது. நீ வாங்கனத நான் எதுக்குய்யா திருடணும்?"

நியாயமான கேள்விதான். அப்போதும் நான் நம்பவில்லை. கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். டாங்கிளின் எண் தெரியும்படி போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். பதில் வந்தது: எண்ணின்மேல் சிவப்புப் பொருள் பூசி மறைக்கப்பட்டிருக்கிறதாம், விசாரணை முடியும்வரை என் உரிமத்தை நிறுத்திவைக்கிறார்களாம். அடக் கடவுளே! அது குங்குமம், நாங்கள் தொழில் சாமானைக் கும்பிடுகிறவர்கள் என்று விளக்கி எழுதினேன். பதிலே இல்லை.

அப்புறம்தான் டாங்கிளைத் திருப்பிப் பார்த்தேன். செருகும் வாய்க்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. குச்சியால் சுரண்டி எடுத்ததும் விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஆனால் என்ன பிரயோஜனம்? உரிமத்தைத்தான் நானே போட்டோ அனுப்பி நிறுத்திக்கொண்டேனே!

டீச்சருக்கு மறுநாள் அட்மிஷன். வேறு வழியில்லை. டீச்சரையும் அவர் மகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பம்மலுக்குப் போனேன். நண்பன் என் முகத்தைப் பார்க்காமல், "வாங்க டீச்சர்" என்றான். பாட்டு இருந்த ஹார்டு டிஸ்க்கை அவன் கம்ப்யூட்டரில் செருகும்போது எனக்குக் கை வரவில்லை.

"வைரஸ் கிரஸ் எதுனா கீதாடா?"

"கீது. டெங்கு. குடுய்யா."

பாட்டு உடனே திறந்தது. டீச்சர் அந்த வரியை மறுபடி பாடினார். முடித்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு டீச்சர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்பெனி அதற்குள் மனமிரங்கி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. டீச்சருக்குக் குரல் திரும்பவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. ஹெட்போனில் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார்.

"இது நான் இல்ல தம்பி. கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிட்டீங்க."

"சத்தியமா உங்க குரல்தான் டீச்சர்."

அவர் தலையை ஆட்டினார். என்னை நம்பவில்லை என்று கண்ணிலேயே தெரிந்தது. இவருமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பம்மலில் பதிவானதை வெட்டாமல், மெருகேற்றாமல், அப்படியே போட்டேன். அந்த வரி தொடங்கும் முன்னால் ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"பாப்பா, அந்த ஃபேன நிறுத்தும்மா. சத்தம் வருது பாரு."

டீச்சரின் கை வாயைப் பொத்திக்கொண்டது. மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். மறுபடியும் கேட்டார். அப்புறம் என் பக்கம் குனிந்து, காற்றாக வந்த குரலில் சொன்னார்:

"பாட்டு சர்ச்சுக்குப் போதும் தம்பி. இத எம்பொண்ணுக்குத் தனியா குடுங்க. இப்படித்தான் அவள நான் கூப்பிடுவேன்."