அத்தையின் தகர இலைகள்

கிள்ளானில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காலம் அது. மற்ற நாட்களில் தண்ணி லோரி வரும். வராவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. நாங்கள் குளிக்கும்போது வெளியே நின்று, ஊற்றும் சத்தத்தை வைத்தே அதட்டுவார்.

அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தார். கட்டட வரைபடம் வரையும் ஆபீசில் அவருக்கு வேலை. ஒருநாள் காலை பின்வாசல் அன்னாசிச் செடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ்ஸைத் தவறவிட்டார். இரவு தூறிய ஈரம் சிமெண்டுத் தரையில் காய்ந்துபோயிருந்தது. செடியின் நடுக்குருத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. ஒவ்வோர் இலையும் வாய்க்கால்போல் குழிந்து, மேலே விழுந்ததையெல்லாம் உள்ளே அனுப்பியிருந்தது.

"அண்ணே, இது நம்மளவிடப் புத்திசாலி."

"அதுக்கு மாப்பிள்ளை பாக்கிற கவலை இல்ல லா" என்றார் அப்பா.

மளிகைக் கடையில் வீசியெறிந்த எண்ணெய்த் தகரங்களை அத்தை கேட்டு வாங்கி வந்தார். வெட்டி, நிமிர்த்தி, இலைபோல் மடித்தார். கூரை விளிம்பிலிருந்து அவற்றைச் சரிவாகக் கட்டி, எல்லா நுனியும் ஒரே பீப்பாய்க்குள் இறங்கும்படி வைத்தார். வைத்ததுதான் தாமதம், மழை நின்றுபோனது. பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்து, "என்னாது, சாமிக்கு மகுடமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நிலையில்தான் காஜாங்கிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். அவருடைய படத்தை அத்தை கைப்பையிலேயே வைத்திருந்தது எனக்குத் தெரியும். அன்று லோரி வரவில்லை. இருந்த தண்ணீர் காப்பிக்கே போய்விட்டது. அத்தை தட்டைத் தூக்கும் நேரம் பார்த்து மழை கொட்டியது. பின்னால் தடாலென்று சத்தம். நடுத் தகரம் கயிறறுந்து தொங்க, கூரைத் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்கு ஓடியது.

"விடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா.

அத்தை தட்டை அம்மாவின் கையில் கொடுத்தார். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி, தகரத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி மழையில் நின்றார். கைகழுவ வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கழுவாமலே உள்ளே போனார். காப்பி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

பீப்பாய் நிறைந்து வழிந்தது. மகுடம் என்று கேட்ட ஆன்டியே வாளியோடு வந்தார். அத்தை எல்லாரையும் ஜெயித்துவிட்டதாக எனக்குப் பெருமை.

மறுநாள் மாலை காஜாங்கிலிருந்து போன். அப்பா, "சரிங்க, பரவால்லிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அத்தை ஒரு வாளியை நிரப்பிக்கொண்டு குளிக்கப் போனார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கவே இல்லை. நான் அம்மாவிடம் ஓடிப்போய்க் கோள் சொன்னேன்.

"அத்தை எவ்ளோ தண்ணிய வீணாக்குறாங்க, பாருங்கம்மா!"

அம்மா பீப்பாயிலிருந்து இன்னொரு வாளி மொண்டு, குளியலறைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தார். பெரியவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று நான் அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.