வெட்டு என்று சொல்லாத இன்ஜினீயர்

உறையூரில் அன்று ஒரு தெருவே முழுகப் பார்த்ததற்குச் சடகோபனின் ஐயங்கார் ஆசாரம்தான் காரணம் என்று சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் நின்றவன் நான். அவருக்குக் கீழே ஓவர்சியராக இருந்த ஹனீஃபா.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் பிறந்தவர் சடகோபன். கிண்டியில் இன்ஜினீயரிங் படித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் வாய்க்கால், மதகு என்று சர்க்கார் வேலைக்கு வந்தார். யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தாயார் கோதைநாயகி பட்டினி கிடந்து பார்த்தார்; மனிதர் கேட்கவில்லை. பர்மாவில் பாலம் கட்டினார். ஜப்பான்காரன் நெருங்கியபோது கட்டியதையே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். கேப்டனாகத் திரும்பியபோது, அங்கே என்னத்தைத் தின்றாரோ என்று வீதியே முணுமுணுத்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. பழையபடி எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

மறுவருஷம் ஐப்பசி மழையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை தட்டி ஓடியது. ஒரு கரையை ஒட்டி நெசவாளர் தெரு. தறிக்குழிகளில் அப்போதே தண்ணீர் ஊறிவிட்டது, ஜனங்கள் இன்னும் வெளியேறி முடியவில்லை. மறுகரைக்கு அப்பால் வெறும் வயல். வயல் பக்கக் கரையை வெட்டி வெள்ளத்தைத் திருப்பினால் தெரு பிழைக்கும், இல்லாவிட்டால் மண்சுவர்கள் பிள்ளைகுட்டிகள் மேல் சரியும். இது அவர் மனத்தில் போட்ட கணக்கு. எங்களுக்கு விளக்க நேரமில்லை.

வயல் பக்கக் கரையில் ஓரிடத்தைக் காட்டினார். "இந்த எடத்துல கரையைத் திருத்திடுங்கோ," என்று சொல்லிவிட்டு மேலே மதகைப் பார்க்க ஓடினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

எங்கள் மேஸ்திரி தங்கையன் உப்பிலியபுரத்துக்காரன். அவனுக்கும் சரி, எனக்கும் சரி, திருத்துவது என்றால் சரிசெய்வதுதான். தென்னை மரத்துண்டுகளை உருட்டிப் போட்டு, மண்மூட்டை அடுக்கி, கரையை இன்னும் உயர்த்தினோம். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டில் காய்கறியை வெட்டுவது என்று சொல்ல மாட்டார்களாம், திருத்துவது என்பார்களாம். நாங்கள் என்ன அவர் வீட்டு அடுக்களையிலா வளர்ந்தோம்? வெட்டு என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று மேலதிகாரி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

அதற்குள் எதிரே தண்ணீர் வழிந்து தெருவுக்குள் இறங்கியது. பெண்கள் அலறுவது கேட்டது. அடுக்கியதைப் பிரிக்க நேரமில்லை, கொஞ்சம் தள்ளி வெட்டிவிடலாம் என்று ஆட்களெல்லாம் என் பக்கம் ஓடிவந்தார்கள். கடைசியாக வந்த தங்கையனின் காலை ஒரு மரத்துண்டு உருண்டு அமுக்கிவிட்டது. சடகோபன் கடப்பாரையோடு ஓடி நெம்பிப் பார்த்தார். மரம் அசையவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு ஓடையும் பெருகி வந்து வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது; இந்தப் பக்கம் வெட்டினால் அந்தத் துண்டுக் கரை வெள்ளத்தின் நடுவே தனியாக மாட்டிக்கொள்ளும். நிற்குமோ, கரைந்து போகுமோ, யார் கண்டது?

தன்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடச் சொல்லித் தங்கையன் கெஞ்சினான். அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவன் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"ஹனீஃபா, வெட்டு."

அல்லாவை நினைத்துக்கொண்டு மண்வெட்டியைப் போட்டேன். கரை பிளந்து வெள்ளம் வயலுக்குள் பாய்ந்தது. அவர்கள் பக்கம் மண் பொலபொலவென்று சரிந்துகொண்டே போனது. ஒரு பாய் விரிக்கிற இடம்தான் மிஞ்சியது, அதற்கப்புறம்தான் சரிவு நின்றது. தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

வேகம் தணிந்ததும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, மரத்தை அறுத்து இருவரையும் மீட்டோம். தங்கையன் அழுதுகொண்டே கேட்டான். "இந்தப் பக்கம் நின்னே சொல்லியிருக்கலாமே சாமி, ஏன் அங்க வந்தீங்க?"

"பர்மாவுல இப்படிப் பத்திரமான பக்கம் நின்னுண்டுதான் சொன்னேன்," என்றார் சடகோபன். "பாலத்துக் கயித்தை வெட்டுன்னு. அக்கரையில நம்ம பசங்க பன்னிரண்டு பேர் என்னையே பார்த்துண்டு நின்னா."