பாதியில் நிறுத்திய ஆபிரகாம் கதை

மூன்று வருடங்களுக்கு முன், மழை மாதத்தில் நடந்தது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் அப்போதும் இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை, அதாவது உயர்ந்துபோன தேயிலைச் செடிகளை வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. எனக்குப் பிரிஞ்சாங் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் பூ கட்டுகிற வேலை. மூத்தவளுக்கு அப்போது பதினான்கு வயது, அடுத்தவளுக்குப் பத்து, கடைக்குட்டிப் பையனுக்கு ஐந்து.

எங்கள் லயத்தில் வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு ஏற்றிப்போன சர்ச் வேன் நின்றுபோனதும், நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். என் அப்பா சபை மூப்பர். பைபிள் கதையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அந்தத் திமிர்தான்.

உட்கார்ந்து சொல்லிப் பார்த்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. மூத்தவள் போனிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். நடுவுள்ளவள் வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பாள். கழுதைக்கு யார் தண்ணி வைத்தது என்பது வரை அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். சின்னவன் என் மடியில் படுத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான். ஒரே குழம்பை மூன்று நாக்குக்கு வைக்கிற மாதிரிதான். பெரியவளுக்கு உறைக்கவில்லையே என்று நான் காரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன், சின்னவனை நினைக்கவே இல்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆபிரகாம் கதை. கடவுள் ஆபிரகாமுடைய ஒரே மகனைப் பலியாகக் கேட்கிறார். அவரும் விறகு, நெருப்பு, கத்தியோடு மகனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறார். குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டி நான் சொன்ன தோரணையில் மூத்தவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வைத்துவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மகனைக் கட்டி விறகின்மேல் படுக்கவைத்து, கத்தியை ஓங்கினார் என்ற இடத்தில் டிவி நாடகம் மாதிரி சட்டென்று நிறுத்தினேன். “மீதி நாளைக்கு. முடிவு தெரிஞ்சவங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது,” என்று பெண்களிடம் சொல்லிவிட்டு சோறாக்கப் போனேன். சின்னவன் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து நின்றான். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூவுக்குப் பெரிய ஆர்டர். வீடு வந்து சேரும்போது உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. கதை மறந்தே போனது.

சனிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு அரை நாள் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கவ்வாத்து செய்து போட்ட தேயிலை விறகைப் பொறுக்க மகனைக் கூட்டிக்கொண்டு மேலே போவது வழக்கம். இந்தக் குளிருக்கு எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்பு இன்னும் விறகில்தான் எரிகிறது. பையனுக்கென்று ஒரு சின்னக் கட்டு கட்டிக்கொடுப்பார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வருவதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. வாரம் முழுக்க அவன் எழுவதற்குள் வேலைக்குப் போய்விடுகிற மனுஷருக்கு, மகனோடு கிடைப்பது அந்த ஒரு மத்தியானம்தான்.

அன்றும் இடுப்பில் பாராங் கத்தி, அட்டை கடித்தால் சுடுவதற்குப் பையில் லைட்டர். வாசலில் நின்று, “தம்பி, வாயா, மலைக்குப் போலாம்,” என்றார்.

பையன் வீறிட்டான். மேசைக் காலைக் கட்டிக்கொண்டு, வரமாட்டேன், வரமாட்டேன் என்று ஒரே கத்தல். அவர் சிரித்துக்கொண்டே தூக்கப் போனார், அவன் கைகால் உதறியதில் வெறும் பயம்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, “என்னா லா, அண்ணன் போட்டு அடிச்சிட்டாரா?” என்று என் காதோடு கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கேட்டுவிட்டது. பிள்ளைகள்மேல் ஒரு நாளும் கை வைக்காதவர். “நா என்னா செஞ்சேன்?” என்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அப்படியே வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நடுவுள்ளவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “ம்மா, அந்த அப்பா கத்திய கீழ போட்டாரா, வெட்டிட்டாரான்னு நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கான். நீங்க சொல்லக் கூடாதுன்னீங்க, அதான் நா சொல்லல.”

விறகு, நெருப்பு, கத்தி, மலை, ஒரே மகன். இரண்டு நாளாக என் பிள்ளை அந்த ஓங்கிய கத்திக்குக் கீழேயே படுத்திருக்கிறான்.

ஓடிப்போய் அவனை மடியில் போட்டு மீதியைக் கடகடவென்று கொட்டினேன். வானதூதன் தடுத்தது, புதரில் ஆட்டுக்கடா சிக்கியிருந்தது, மகன் பிழைத்தது, எல்லாம் சொன்னேன். அவன் விசும்பிக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு, “சாமி நம்ம அப்பாகிட்ட கேட்டா?” என்றான்.

விசுவாசம், கீழ்ப்படிதல் என்று பெரியவளுக்காக நான் எடுத்துவைத்திருந்த விளக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு அவனை இறுக்கிக்கொண்டேன். வாசல்படியிலிருந்து அவர்தான் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“குடுக்க மாட்டேன் லா. சாமியே வந்து கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடுவேன்.”

“சாமி கோவிச்சுக்கிட்டா?”

“கோவிச்சுக்கட்டும். ஏச்சு வாங்குறது நா வாங்கிக்கிறேன். நீ என் பிள்ள.”

மூத்தவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். மூப்பர் மகளாயிற்றே, அம்மா திருத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் திருத்தவில்லை.

சின்னவன் என் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். பிறகு, “கத்திய அம்மா எடுத்துக்கிட்டு வரட்டும்,” என்றான். அவர் மறுபேச்சில்லாமல் கத்தியையும் லைட்டரையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். அன்று ஐந்து பேருமே மலைக்குப் போனோம். வெறுங்கையோடு அவர் முன்னால் நடந்தார், பையன் அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு அடிக்கடி திரும்பி, கத்தி என் கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பாதி வழியில் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

இறங்கும்போது மூத்தவள் என்னோடு ஒட்டி நடந்தாள். “ம்மா, அப்பா சொன்னது தப்பா?” என்றாள். தெரியவில்லை என்றேன். பைபிள் விஷயத்தில் நான் அவளிடம் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் நிஜமான கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள்.

இப்போது எந்தக் கதையானாலும் சின்னவனுக்கு முடிவைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், பெரியவளுக்குத் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். அவர் அன்று சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் என் மகன் கண்ணை மூடி ‘எங்கள் பிதாவே’ என்று ஜெபம் பண்ணும்போது அவன் குரலில் துளிப் பயமும் இல்லை, அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது என் கதைகள் அல்ல, அவன் அப்பா.