சேலையில் பொதிந்த மண்

கொட்டிவாக்கம் போகும் பஸ் அடையாறு பாலத்தைத் தாண்டியதும் மக்கர் செய்து நின்றுவிடுகிறது. மகள் வீட்டுக்குப் போகிற நான் இறங்கி, ஒப்பாரிச் சத்தம் கேட்கும் ஆற்றோரம் நடக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு இருளர் பெண்கள் வட்டமாக நின்று மாரடிக்கிறார்கள். நடுவே ஒரு பாடை. அதில் பிணம் இல்லை. பழஞ்சேலையில் பொதிந்த மண் இருக்கிறது.

“யாரம்மா செத்தது?” என்று ஓரமாக நிற்கும் பெண்ணைக் கேட்கிறேன்.

“எங்க அக்கா, நைனா. குடிசையைப் பிரிக்க வந்தவனுங்க அட்ச்சே கொன்னுட்டானுங்க. ரெண்டு வருசம் ஆவுது. பொணத்தைக்கூட கண்ல காட்டல. அதான் அவ சேலைல எங்க மண்ணைக் கட்டி, அவளுக்கும் போன மண்ணுக்கும் சேத்து அழுவுறோம்.”

ஒப்பாரிப் பாட்டுக்குள் அவளை அடித்தவன் பெயர் வருகிறது. அடிக்கச் சொன்ன மேஸ்திரி பெயர் வருகிறது. பிறகு, ‘இங்கே யாருமே குடியில்லைன்னு எழுதினவனே’ என்றொரு வரி.

இரண்டு வருடம் முன்பு இந்தப் பகுதிக்கு வருவாய் ஆய்வாளர் நான். இடத்தை வந்து பார்க்காமல், மேசையில் உட்கார்ந்தே அந்த அறிக்கையை எழுதினேன்.

“எழுதினது நான்தான் அம்மா.”

அடிப்பாள் என்று நினைக்கிறேன். அவள் கையை உயர்த்துகிறாள்; பாட்டு நிற்கிறது.

“எழுதினவன் பேரு மட்டும் எங்களுக்குத் தெரியாம கீது. சொல்லு பெரியவரே, உம் பேரு இன்னா?”

சொல்கிறேன். அவள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். பிறகு எல்லாப் பெண்களும் மார்பில் அடித்துக்கொண்டு, அந்த வரியில் என் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழத் தொடங்குகிறார்கள்.