யூஸ்டு டு

திரேஸ்புரத்து ஜெஸ்டின் நெடுநாளாகத் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் தோணிகள். கடல் எப்படிக் குலுக்கினாலும் அவர் வைத்த குழம்பு சட்டியை விட்டுச் சிந்தாது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

கரைக்கு வந்தால் குடிப்பார். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கும் குடித்துவிட்டுத்தான் போனார். கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, படியில் விழுந்தார். வெள்ளை உடுப்போடு நின்ற மகள் அழுதாள். அதன்பிறகு அவர் குடியைத் தொடவில்லை.

மகள் கல்லூரிக்குப் போகும் வயது வந்தபோது பெரிய கப்பலில் வேலைக்கு முயன்றார். சமையல் சான்றிதழ் வாங்கினார். நேர்காணலுக்காகச் சில ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். 'ஐ ஆம் யூஸ்டு டு த சீ' அவற்றில் ஒன்று. கடல் எனக்குப் பழக்கம் என்று பொருள். கம்பெனி அதிகாரிகள் கடலைப் பற்றிக் கேட்டதும் அதைத் தடுமாறாமல் சொன்னார். அடுத்து, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். முன்பு குடித்ததை மறைத்துப் பொய் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்த வாக்கியத்திலேயே வார்த்தையை மாற்றினார்.

"ஐ ஆம் யூஸ்டு டு டிரிங்கிங், சார். மை டாட்டர் நோஸ்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்.

வேலை கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி ரோஸிடம் சொன்னார்: "உண்மையச் சொன்னேன், வேல போச்சு. இனி எவன் கேட்டாலும் குடிச்சதே இல்லன்னுதான் சொல்லுவேன்."

இரண்டு நாள் கழித்து, அவரை நேர்காணலுக்கு அனுப்பிய ஏஜெண்டின் அலுவலகத்தில் வேலை செய்யும் ரேச்சல் போன் செய்தாள். நேர்காணலின்போது அவளும் அந்த அறையில் இருந்தாள்.

"அண்ணே, நீங்க இன்னும் குடிக்கீங்களா?"

"இல்லம்மா. விட்டு எத்தனையோ வருஷமாச்சே."

"அங்கன அப்படிச் சொல்லலயேண்ணே. குடி எனக்குப் பழகிப்போச்சுன்னுல்லா சொன்னீங்க. 'ஐ யூஸ்டு டு டிரிங்க்'னு சொல்லிருந்தா முன்னாடி குடிச்சேன், இப்ப இல்லன்னு ஆயிருக்கும்."

"ஒரு 'ஆம்' சேந்ததுக்கா இம்புட்டு?"

"'ஆம்' சேந்தா வேற அர்த்தம்ணே."

ரேச்சல் கம்பெனிக்குப் பேசிப் பார்த்தாள். அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

ஜெஸ்டின் விஷயத்தை ரோஸிடம் சொன்னார். அவள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வாக்கியமும் ஒங்களப் பத்தினதுதான. குடிச்ச காலத்துல அது சரி, இப்போ இது சரி. பொய் சொல்ல வேண்டாம். சொல்லத் தெரிஞ்சதச் சொல்லுங்க."

சில மாதங்களில் வேறொரு கம்பெனி வீடியோ அழைப்பில் நேர்காணல் நடத்தியது. அதே கேள்வி வந்தது. 'யூஸ்டு' நாக்கு நுனி வரை வந்தது. 'ஆம்' வேண்டுமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் பிடிபடவில்லை. அவர் அதை விட்டுவிட்டார்.

"பிஃபோர், எஸ். நவ், நோ."

ஏன் விட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். கோயில் வாசலையும் படியையும் சொல்ல அவரிடம் ஆங்கிலம் இல்லை.

"மை டாட்டர் கிரைட், சார்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, எத்தனை பேருக்குச் சமைக்க முடியும் என்று கேட்டார்.

தானியம் ஏற்றும் கப்பலில் வேலை கிடைத்தது. விசாகப்பட்டினத்தில் ஏற வேண்டும். கிளம்பிய அன்று ரோஸுக்குக் காய்ச்சல். மகள்தான் ரயில் நிலையம் வரை பெட்டியைத் தூக்கி வந்தாள்.